துறைமுகத்தில் எட்டு மணி நேரம்

கொழும்புத் துறைமுகத்தில் உல்லாசப் பயணக் கப்பலொன்று வந்து தரித்த நாளிற் காலைவேளையிற் கோட்டைப் பக்கம் செல்வோர் இருவகைப் பயணிகளைக் காணலாம். ஒரு வகையினர் குளிரூட்டிய பெரிய பஸ்வண்டிகளில் ஏறிக் கண்டியை நோக்கி விரைவர். மற்றவர் கையில் ஒரு தண்ணீர்ப் போத்தலும் தோளில் ஒரு பையுமாகத் துறைமுக வாயிலைக் கடந்து புறக்கோட்டைக்கோ காலிமுகத் திடலுக்கோ செல்வர். முன்னவர் மூன்று மணிநேரத்துக்கு மேல் வண்டியிலிருந்து, தலதா மாளிகையை விரைந்து சுற்றி, மறுபடியும் மூன்று மணிநேரத்துக்கு மேல் வண்டியிலிருந்து, கப்பல் நங்கூரம் எடுக்குமுன் ஏணிப்படியை மிதித்தாக வேண்டும். கண்டி காணத்தக்க நகரன்று என்று யாரும் கூறார். ஆயினும் அவ்வண்டியிலே மூன்று வயதுப் பிள்ளையொன்று இருக்குமாயின், அன்று அது கண்டது யாது? கடுகண்ணாவை வளைவுகளில் வந்த குமட்டலையும், முன்னிருக்கையின் முதுகுத் துணியையுமே அது கண்டிருக்கும்.

காலிமுகத் திடலுக்குச் சென்ற பிள்ளையோ பட்டம் பறப்பதைக் கண்டது. அலை வந்து கல்லில் மோதித் தெறிப்பதைக் கண்டது. இறால் வடையிலிருந்த இறாலுக்குக் கண் உண்டென்பதையும் கண்டது. தேசாதிபதி ஹென்றி வார்ட் 1859 இல் அக்கடலோர நடைபாதையை அமைத்தபோது, மகளிரும் குழந்தைகளும் காற்று வாங்கவே அமைத்தான் என்று அங்குள்ள கல் கூறும். கோட்டைப் புகையிரத நிலையத்திற் சில்லறைக் காசுக்குச் சீட்டெடுத்துக் கல்கிசைவரை போனால், வண்டி கடலை ஒட்டியே ஓடும். இதற்கு வழிகாட்டி வேண்டியதில்லை. பெருஞ் செலவும் இல்லை.

இருவகையினருள் யார் அறிவுடையார் என்பதே இக்கட்டுரையின் விடயம். சொந்தத் துறைமுகத்தில் நின்று பார்க்கும்போது நமக்கு இது தெளிவாகத் தெரிகிறது. நாமே கப்பலேறிப் பிறர் துறையில் இறங்கும்போது தெரியாமற் போகிறது.

கப்பற் பயணம் செல்வர்க்கே உரியது என்ற காலம் போய்விட்டது. சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, மூன்று நான்கு இரவுகளிற் பினாங்கையும் புக்கெட்டையும் தொட்டுத் திரும்பும் கப்பல்களிலே ஆண்டுக்கணக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வந்த ஆசிரியரையும் எழுதுவினைஞரையும் காணலாம். சீட்டின் விலையிலேயே அறையும் உணவும் அடங்கிவிடுதலால், விடுதிக்கும் சோற்றுக்கும் தனித்தனியே கணக்குப் பார்க்கும் தொல்லை இல்லை. செலவு தொடங்குவது கரையிலேதான். கப்பற் கம்பனியார் ஒவ்வொரு துறைக்கும் சுற்றுலாக்களை விற்பர். அவை தலைக்கு இத்தனை என்று விற்கப்படுபவை. பிள்ளைக்குச் சிறிது குறைப்பர். சில வேளை அதுவும் இல்லை. நால்வர் கொண்ட குடும்பம் மூன்று துறைகளில் அவ்வாறு இறங்கினால், கப்பற் சீட்டுக்கு நிகராக இன்னொரு தொகை கரைந்துவிடும். வாடகைக் காரோ தலைக்கன்று, வண்டிக்கே கூலி பெறுவது. காலோ கூலியே பெறாதது. ஆகவே கப்பல் நிற்கும் இடத்துக்கும் ஊரின் உயிர்த்துடிப்புள்ள வீதிக்கும் இடையே எத்தனை தூரம் என்பதே முதற் கேள்வி. அத் துறை எத்துணைப் புகழ்பெற்றது என்பது அதற்குப் பின்னரே.

இவ்விடயத்திற் கப்பல் அட்டவணைகளை முற்றும் நம்புதல் ஆகாது. ‘ரோமாபுரி’ என்று அச்சிட்டிருப்பர். கப்பல் நிற்பதோ எண்பது கிலோமீற்றர் அப்பால் சிவிற்றவெக்கியாவில். ‘பாரிஸ்’ என்பர், நிற்பது லெ ஹாவ்ர் துறையில், இருநூறு கிலோமீற்றருக்கு அண்மையான தூரத்தில். ‘பாங்கொக்’ என்று சொல்லி இறக்குவது லேம் சபாங்கில், நகருக்கு நூறு கிலோமீற்றருக்கும் அப்பால். பெயர் நகரினது, துறை வேறிடத்தது. இதற்கு மாறாக மால்ட்டாத் தீவின் வலெற்றா நகரம் கப்பலின் தலைக்கு மேலேயே நிற்கிறது. ஐம்பத்தெட்டு மீற்றர் உயரமான மின்தூக்கியில் ஏறினால் நந்தவனம் ஒன்றின் வாசலில் இறங்கலாம். அதன் கீழ்த்தட்டில் நண்பகலிற் பீரங்கி முழங்கும். எந்தப் பிள்ளைக்கும் அன்றைய நாளுக்கு அது போதும்.

பிள்ளைகள் பயணத்தில் எதனை நினைவில் வைக்கின்றனர் என்பதற்குப் பழைய கப்பற் காலமே சான்று. சுயெஸ் கால்வாய் வழியாகச் சென்ற கப்பல்களிலிருந்து பெரியவர்கள் இறங்கி, தரைவழியே கெய்ரோவுக்குப் போய்ப் பிரமிட்டுகளைக் கண்டு, கால்வாயின் மறுமுனையிற் கப்பலைப் பிடிப்பதுண்டு. போட் செயிட் துறையிலோ ‘கலி கலி’ என்று கூவிக்கொண்டு மாயவித்தைக்காரர் கப்பலுக்கே வருவர். பார்த்திருப்போர் சட்டைக்குள்ளிருந்தும் காதுக்குப் பின்னிருந்தும் கோழிக்குஞ்சுகளை எடுப்பர். அக்காலத்திற் சிறுவராய்ப் பயணஞ் செய்தோர் முதுமையில் எழுதிய நினைவுக் குறிப்புகளிற் பிரமிட்டு வராவிட்டாலும் அக்கோழிக்குஞ்சு வந்துவிடும். பிரமிட்டின் பெருமையை இது குறைக்காது. ஐந்து வயதுக்குக் கோழிக்குஞ்சின் அளவு பொருத்தம், அவ்வளவே.

நமது கடற்புறத்துத் துறைகளிற் சிறு பிள்ளையோடும் சிறு பணப்பையோடும் செல்வார்க்கு முதலிடம் தரத்தக்கது பினாங்கு. சுவெற்றன்ஹாம் துறைமேடையிற் கப்பல் அணைகிறது. வாயிலைக் கடந்ததும் ஜோர்ஜ் ரவுண் நகரம். 2008 இல் மலாக்காவுடன் சேர்த்து உலக மரபுரிமைத் தலமாக ஏற்கப்பட்ட நகரம் இது. சில நிமிட நடையில் ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கும். விக்ரோறியா மகாராணியார் அரசுகட்டிலேறி அறுபதாண்டு நிறைந்த 1897 ஐ நினைவுகூர்ந்து, ஆண்டுக்கு ஓரடியாக அறுபதடி உயரத்திற் சீனத் தனவந்தர் ஒருவர் எழுப்பியது. இரண்டாவது உலகப்போரின் குண்டுவீச்சில் அது சற்றே சரிந்துவிட்டது. எம்முடன் வந்த நான்கு வயதுச் சிறுமிக்கு அறுபதும் தெரியாது, மகாராணியும் தெரியாது. சரிவை மாத்திரம் ஒரு கணத்திற் கண்டுகொண்டாள். தலையைச் சரித்து வைத்துப் பார்த்து, “இப்ப நேராய் நிக்குது” என்றாள்.

அருகே கோர்ன்வாலிஸ் கோட்டை. உள்ளே செல்லக் கட்டணம் உண்டு. வெளிமதிலைச் சுற்றி நடக்கவும், எதிரேயுள்ள கடலோரத் திடலில் ஓடவும் கட்டணம் இல்லை. எம்முடன் வந்தவர்களுள் சிறுமியின் பாட்டனார் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர். கோட்டையைக் கண்டும் பாடம் நடத்தாதிருப்பது ஆசிரியர்க்கு எளிதா?

“பிள்ளை, இஞ்சை பார். 1786 ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைற் எண்ட வெள்ளைக்காரன் இந்த இடத்திலைதான் வந்து இறங்கினவன்.”

“அவருக்கும் கால் நொந்ததோ, அப்பப்பா?”

கிழவர் மேலே பேசவில்லை. மதிலோரத்து நிழலில் உட்கார்ந்து இளநீர் வாங்கிக் கொடுத்தார். அதன்பின், காட்டை வெட்ட ஆட்கள் தயங்கியபோது லைற் பீரங்கியில் வெள்ளிக் காசுகளை அடைத்துக் காட்டுக்குள் சுட்டான் என்று அவ்வூரார் வழங்கும் கதையைச் சொன்னார். சரித்திரத்தில் அது எவ்வளவு நிற்குமோ, சிறுமி அன்று முழுதும் புல்லுக்குள் காசு தேடினாள். நிறைந்த பயன் அதுவே என்று எனக்குப் பட்டது. இப்பத்தியைப் படிப்போரிற் பெரும்பாலோர் ஆசிரியர் என்பதால் இதனைச் சற்று விரித்துச் சொன்னேன்.

கோட்டையிலிருந்து உள்நோக்கி நடந்தால், பழைய காலத்திற் பிற் வீதி என்று வழங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் வீதி வரும். 1818 இல் எழுந்த சென் ஜோர்ஜ் ஆலயம், சீனர் வழிபடும் கருணைத் தேவியின் கோயில், தென்னிந்திய முஸ்லிம்கள் 1801 இல் நிறுவிய பள்ளிவாசல் ஆகியவை அந்த ஒரே வீதியில். அடுத்த குவீன் வீதியில் 1833 ஆம் ஆண்டுக் கோயிலான மகாமாரியம்மன் ஆலயம். பள்ளிவாசலுக்குப் பெயரளித்த கப்பித்தான் காதர் முகைதீன் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து சென்றவர். கோயில் நண்பகலில் நடை சாத்தும். ஆதலாற் காலையிலேயே போய்விட வேண்டும். சுற்றியுள்ள கடைத்தெருவிலே தோசையும் இடியப்பமும் ரொட்டி சானாயும் சில வெள்ளிக்குக் கிடைக்கும். ரிங்கிட்டை அங்குள்ள தமிழர் ‘வெள்ளி’ என்றே சொல்வர். அறியாத உணவைக் கண்டு வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைக்குத் தோசை கண்ட இடம் தாய்வீடு.

யாழ்ப்பாணத்தார் இவ்வீதிகளில் நடக்கும்போது வேறொரு நினைவும் கூட வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் தொழில் தேடிச் சென்ற நம்மவரிற் பலருக்கு முதலிற் கண்ணிற்பட்ட அந்நாட்டுக் கரை பினாங்கே. நாகபட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் தோட்டங்களுக்குச் சென்றோரை ‘ரஜூலா’க் கப்பல் 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இத்துறைக்குச் சுமந்தது. தளத்திலே பாய் விரித்துப் படுத்து வந்த தாய்மார் இடுப்பிற் பிள்ளையோடு இறங்கினார்கள். அப்பிள்ளைகளுக்கு மாலையில் ஏறித் திரும்பக் கப்பல் காத்து நிற்கவில்லை. மலாயாப் பென்சன்காரர் என்று நம் ஊர்களிற் பின்னர் வழங்கப்பட்ட வீடுகள் சிலவற்றிலே இன்றும் அக்காலத்துப் பெட்டகங்கள் உள்ளன. எம்முடைய பாட்டனார் தம் தந்தையார் இறங்கிய இடம் இதுவாயிருக்கலாம் என்று துறைமேடையிற் சிறிதுநேரம் நின்றார். பேத்தி அவருடைய வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

ஆர்மேனியன் வீதியில், 2012 இல் லித்துவேனிய ஓவியர் ஏர்னெஸ்ற் சக்கரேவிச் சுவரில் வரைந்த இரு பிள்ளைகளும், சுவரோடு பொருத்திய உண்மையான சைக்கிளும் உண்டு. அதன் முன் நின்று படம் எடுக்க வரிசை நிற்கும். அங்கு பத்து நிமிடம் போதும். அதனினும் மேலானது கடலோரத்துச் சீனக் குலத்தவரின் மரத்துறைகள். ‘சியூ’ குலத்தார் துறையில் வீடுகள் எல்லாம் கடல்மேல் மரக்கால்களில் நிற்கின்றன. பலகைப் பாதையின் இடுக்குகளாற் கீழே நீர் தெரியும். எம் சிறுமி அங்கே குப்புறப் படுத்து இடுக்கொன்றிற் கண்ணை வைத்தவள் எழுந்திருக்க முக்கால்மணி நேரம் ஆயிற்று. நீர் வற்றிய சேற்றில் நண்டு நடந்ததாம். பெரியவர்கள் கையிலே இன்னும் ஐந்து இடங்களின் பட்டியல் இருந்தது. பட்டியல் பைக்குள் போயிற்று. அவை மக்கள் குடியிருக்கும் வீடுகள் என்பதை மாத்திரம் வருவோர் மறவாதிருக்க வேண்டும். சாளரத்தினூடே எட்டிப் பார்த்தலும் படமெடுத்தலும் பண்பன்று.

இரண்டு எச்சரிக்கைகள். ஜோர்ஜ் ரவுணின் கடைகளுக்கு முன்னுள்ள ஐந்தடி நடைபாதைகள் நிழல் தருவன. ஆனால் கடைக்குக் கடை மேடும் பள்ளமுமாய், இடையிடையே மோட்டார்ச் சைக்கிள்கள் நிறுத்தப்பட்டிருக்கும். குழந்தையின் தள்ளுவண்டியைக் கப்பலிலேயே விட்டு, உடலோடு அணைத்துக் கட்டும் துணியைக் கொண்டுபோதலே நலம். நடக்க இயலாத வேளைக்கு நகருட் சுற்றும் இலவச பஸ்வண்டி உண்டு. இரண்டாவது, பினாங்கு மலை. 1923 முதல் அங்கே கயிற்றிழுவை இரதம் ஓடுகிறது, மலை அழகியது, ஐயமில்லை. ஆயினும் துறையிலிருந்து ஏழெட்டுக் கிலோமீற்றர் போக வேண்டும். வெளிநாட்டார்க்குக் கட்டணம் அதிகம். கப்பல் வந்த நாளில் வரிசையும் நீளும். எட்டு மணிநேரமே உள்ளவர் அதனை இன்னொரு பயணத்துக்கு விட்டுவைக்கலாம்.

கிள்ளான் துறைமுகத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 1972 வரை சுவெற்றன்ஹாம் துறைமுகம் என்ற பெயருடன் இருந்தது. அட்டவணையிற் ‘கோலாலம்பூர்’ என்று காட்டப்படுவது இதுவே. கப்பல்கள் அணையும் இண்டாத் தீவு, கோலாலம்பூரிலிருந்து ஐம்பது கிலோமீற்றருக்கும் மேல். சாலை நெரிசலையும் சேர்த்துப் பார்த்தால் அந்நாளின் பாதி வண்டிக்குள் போய்விடும். சிறு பிள்ளையுடையார் அன்று கப்பலிலேயே தங்கிவிடுதல் கோழைத்தனமன்று. ஆயிரக்கணக்கானோர் இறங்கிப் போனபின் கப்பல் ஓய்ந்த வீடுபோல் இருக்கும், நீச்சற்குளத்திலும் உணவுக்கூடத்திலும் இடம் இருக்கும், செலவோ ஏதுமில்லை. அரைத்துணி கட்டும் பருவத்துக் குழந்தைகளைப் பெரும்பாலான கப்பல்களிற் குளத்தில் இறக்க விடார் என்பதைச் சீட்டெடுக்கும்போதே விசாரித்தல் வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த சிசுக்களைப் பொதுவாகக் கப்பலில் ஏற்றுவதே இல்லை.

புக்கெட்டில் நிலைமை வேறு. பட்டோங் குடாவில் நிற்கும் கப்பல்கள் கரையைத் தொடா. ஆழ்நீரில் நங்கூரமிட்டு, சிறு படகுகளிற் பயணிகளை இறக்குவர். முதல் இரண்டு மணிநேரம் சுற்றுலாக்காரர்க்கே முன்னுரிமை. ஆதலாற் பிள்ளையைக் காத்திருக்கச் செய்து களைப்பிக்காமல், ஆறுதலாகக் காலையுணவை முடித்துப் பிந்திய படகிற் போகலாம். இறங்கிய இடத்திலேயே நீண்ட வெண்மணற் கடற்கரை. அது எல்லார்க்கும் பொது. கரையோரத்து வாடகை வண்டிகள் கேட்கும் கூலியோ மிக அதிகம். மணலைக் கண்ட பிள்ளைக்கு வேறிடம் வேண்டியதில்லை; ஒரு சிறு வாளியும் மாற்றுச் சட்டையும் தொப்பியும் இருந்தாற் சரி. ஆனால் வைகாசி தொடக்கம் ஐப்பசி வரை தென்மேற்குப் பருவக்காற்று அக்கடலைக் கொந்தளிக்கச் செய்யும். செங்கொடி பறக்குமானால் முழங்காலளவு நீரிலும் பிள்ளையை விடலாகாது. கடல் மிகவும் கெட்டிருந்தால் கப்பல் அங்கு நில்லாமலே போவதும் உண்டு.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். தாய்லாந்தின் கடிகாரம் மலேசியாவினதற்கும் சிங்கப்பூரினதற்கும் ஒரு மணி பின்னானது. கப்பல் தன் கடிகாரத்தை மாற்றும் நாளும் உண்டு. மாற்றாத நாளும் உண்டு. கைத்தொலைபேசியோ கரை நேரத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். கப்பலின் நேரத்தையே காட்டும் பழைய கைக்கடிகாரம் ஒன்றை அணிந்து செல்லுதல் நன்று. கம்பனியின் சொந்தச் சுற்றுலாவிற் சென்றவர் பிந்தினாற் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். தாமே சென்றவர்க்காகக் காத்திராது. சிக்கனத்துக்கு நாம் கொடுக்கும் விலை இது. புறப்படுவதற்கு இரண்டு மணிநேரம் முன்பே துறைமேடையின் கண்பார்வைக்குள் வந்துவிடுவோமாயின் அவ்விலை பெரிதன்று. பிள்ளைக்கு உறக்கம் வருவதும் அவ்வேளையிலேதான். துறைகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு நாடென்பதால் கைக்குழந்தைக்கும் கடவுச்சீட்டு வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அந்தந்த நாட்டின் விசா விதி யாதென்பதைக் கப்பற் சீட்டுக்குப் பணம் கட்டுமுன் பார்க்க வேண்டும்.

இறுதியாகச் சிங்கப்பூர். கப்பலேறுமுன்னோ இறங்கியபின்னோ ஒருநாள் தங்குவோர், செலவு மிகுந்த நகரென்று அஞ்சுவர். விடுதிக்கு அந்த அச்சம் தகும், பிள்ளைக்குத் தகாது. 90 சென்ரிமீற்றர் உயரத்துக்கு உட்பட்ட பிள்ளைகள் பெரியவர் துணையோடு நகரப் புகையிரதத்திலும் பஸ்ஸிலும் இலவசமாகச் செல்லலாம். கப்பல் நிலையத்துக்கு அண்மையிலேயே மரீனா சவுத் பியர் புகையிரத நிலையம் உண்டு. தொலைபேசியில் அழைக்கும் தனியார் வாடகைக் காரிற் சிறு பிள்ளைக்குத் தனியிருக்கை கட்டாயம். வீதியில் ஓடும் ராக்ஸிக்கு அக்கட்டாயம் இல்லை. குடாவோரப் பூங்காவின் கண்ணாடி மண்டபங்களுக்கே கட்டணம். வெளித்தோட்டமும், இரவிலே செயற்கைப் பெருமரங்களில் ஒளியும் இசையும் ஆடும் காட்சியும் இலவசம்.

2015 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற தாவரவியற் பூங்காவிற்குள் ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் பூந்தோட்டம் என்று ஒன்று இருக்கிறது. மணற்குழியும் நீர்விளையாட்டும் மரவீடும் உள்ள இடம். அதற்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் வாயிலில் ஒரு விதி உண்டு: பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையொன்று உடன் வராத பெரியவர்கள் உள்ளே விடப்படார். எம் பாட்டனார் அவ்விதியை இருமுறை வாசித்துவிட்டுப் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமைகளில் அத்தோட்டம் மூடியிருக்கும்.